தாடிச்சாமி மேல் கிட்டோஸ் போடாத வழக்கு

எங்கள் மெலாந்தியா தீவில் ஒரு கல் உருண்டு வந்து ஒருவன் காலை நசுக்கினால் அந்தக் கல்லின் மேல் வழக்கு நடக்கும். கூரை உத்தரம் விழுந்தால் உத்தரத்தின் மேல். கோடாலி நழுவினால் கோடாலியின் மேல். இதற்கென்றே பேசாப்பொருள் மன்றம் என்று தனியாக ஒன்று உண்டு. இருநூற்றொரு நடுவர்கள், ஒரு தலைவர், ஒரு எழுத்தர், எழுத்தர் உட்கார ஒரு மெத்தை. குற்றம் நிரூபணமானால் அந்தப் பொருளை நாடு கடத்துவார்கள். தீவாயிற்றே, எங்கே கடத்துவது? கடலில் போடுவார்கள். வெளியூர்க்காரர்கள் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ரத்தம் சிந்தினால் யாராவது பதில் சொல்லியாக வேண்டும் என்பது எங்கள் முன்னோர் வகுத்த சட்டம். அந்த யாராவது ஓர் அதிகாரியாக இருக்க வேண்டாம் என்று வகுத்தவர்களும் அதே முன்னோர்தான்.

கிட்டோஸ் சிலைக்கு வண்ணம் பூசுகிறவன். பதினெட்டு வருஷமாக அதே தொழில். பளிங்கை வெள்ளையாகவே விட்டுவிட்டால் சாமி பேதி கண்டவர் போல இருப்பார் என்பது அவன் கட்சி. ஒவ்வொரு வசந்தத்திலும் திருவிழாவுக்கு முன்னால் மெழுகைக் காய்ச்சி, வண்ணத்தைக் குழைத்து, ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்கு வந்துவிடுவான். அங்கேதான் தாடிச்சாமி நிற்கிறார். இரண்டு ஆள் உயரம், அம்மணமாக, அகலமாக, வலது கையை ஓங்கிக்கொண்டு. ஓங்கிய கை மணிக்கட்டோடு போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அதில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. பீடத்தில் பார்க்கலாம் என்றால், சிலையை நிறுத்திய ஒன்பது மன்ற உறுப்பினர்களின் பெயர்களும் அவர்கள் தகப்பன்மார் பெயர்களும் ஆழமாக வெட்டியிருக்கின்றன. சாமி பெயருக்கு இடம் போதவில்லை.

அந்த வருஷம் கிட்டோஸ் வலது கண்ணை முடித்துவிட்டு இடது கண்ணுக்கு இமைமயிர் வரையத் தூரிகையைத் தூக்கினான். சாமி லேசாக ஆடினார். கிட்டோஸ் தனக்குத்தான் தலைசுற்றுகிறது என்று நினைத்தான். அடுத்த நொடி சாமி, ஏணி, கிட்டோஸ், மெழுகுச்சட்டி எல்லாம் ஒன்றாகக் கீழே வந்தன. வெங்காயக்காரர்கள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடிவந்து முதலில் சாமியைப் புரட்டிப் பார்த்தார்கள். மூக்கு தப்பித்திருந்தது, இன்னொரு கையும் போயிருந்தது. அப்புறம்தான் அடியில் ஒரு ஆள் முனகுவது கேட்டது. கிட்டோஸுக்கு இடது முன்கையில் எலும்பு இரண்டும் முறிந்திருந்தன.

மறுநாள் காலை மன்ற எழுத்தர் மிக்கியோன் கிட்டோஸின் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஒல்லியான ஆசாமி. காதில் எழுத்தாணி.

"கிட்டோஸ்! உன் வழக்கு அடுத்த வாரம் எடுக்கறாங்க. தயாரா இரு."

"நான் எந்த வழக்கும் போடலையே ஐயா."

"நீ போட வேண்டாம்ப்பா. உன் ரத்தம் போட்டுடுச்சு. கல்லு மேல ரத்தம் பட்டா வழக்கு தானா பதிவாயிடும்."

"கொஞ்சம்தான் ஐயா பட்டுது. தொடைச்சுட்டேன்."

"தடயத்தை அழிச்சான்னு சேர்த்துக்கறேன்" என்று மிக்கியோன் எழுதிக்கொண்டார்.

கிட்டோஸின் மனைவி மிர்த்தாலே உள்ளேயிருந்து வந்தாள். ஏழு மாதக் கர்ப்பம். இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுத்தரை மேலும் கீழும் பார்த்தாள்.

"சரி, வழக்கு நடந்தா என்ன ஆகும்? எங்களுக்கு வெளங்கற மாதிரி சொல்லுங்க."

"சிலை குத்தவாளி இல்லைன்னு தீர்ப்பு வந்தா, கல்லு இவன் மேல விழலைன்னு அர்த்தம். சாமியே அடிச்சிருக்காருன்னு ஆகும். சாமி காரணமில்லாம அடிப்பாரா? அப்ப இவன் தீட்டுப்பட்டவன். குடும்பத்தோட ஊரை விட்டு வெளியேத்துவோம். காலைப் படகு."

"சிலைதான் குத்தவாளின்னு வந்தா?"

"சிலையைக் கடல்ல போடுவோம். அப்ப இவன் சாமியைக் கடல்ல போட வச்ச ஆளு. தெய்வ நிந்தனை. அதுக்கு வேற மன்றம்."

"அதுல என்ன கெடைக்கும்?"

"சாயங்காலப் படகு" என்றார் மிக்கியோன். "கவலைப்படாதே. அந்த மன்றத்துக்கும் நான்தான் எழுத்தர். தெரிஞ்ச முகமா இருக்கும்."

அவர் போனபின் கிட்டோஸ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். இந்த வீட்டின் பின்கட்டில்தான் அவன் வண்ணக் குழம்பெல்லாம் இருக்கிறது. இன்னும் இரண்டு மாதத்தில் பிள்ளை பிறக்கப்போகிறது. வேற்று ஊரில் தீட்டுப்பட்டவனுக்கு ஒரு கோழிச் சிலைக்குக்கூட வண்ணம் பூசக் கொடுக்கமாட்டார்கள்.

"ஏங்க, அழுவறீங்களா?"

"கை வலிக்குதுடி."

"வலிக்காத கையாலதான் கண்ணைத் தொடைக்கறீங்க" என்றாள் மிர்த்தாலே. பிறகு அவளும் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள்.

இதற்கிடையில் குற்றம் சாட்டப்பட்டவரைச் சிறையில் வைக்க வேண்டும் என்று உத்தரவானது. எட்டுக் காளைகள் பூட்டி இழுத்துப் போனார்கள். சிறை வாசல் சிறியது. வாசலை இடித்தார்கள். இடித்த சுவரிலிருந்து ஒரு கல் காவலன் கால் மேல் விழ, அந்தக் கல்லின் மேலும் ஒரு வழக்குப் பதிவாகி, அதையும் அதே அறையில் அடைத்தார்கள். அழைப்பாணையைச் சாமியின் வலது காதில் ஒருமுறையும் இடது காதில் ஒருமுறையும் படித்தார்கள். தினம் காலையில் பார்லிக் கஞ்சி வைத்தார்கள். 'கைதி உணவை ஏற்க மறுத்தார், முகத்தில் வருத்தம் தெரியவில்லை' என்று மிக்கியோன் மூன்று நாள் எழுதினார். நான்காம் நாள் கஞ்சி காலியாக இருந்தது. 'கைதி மனம் இளகி வருகிறார்' என்று எழுதினார். காவலன் அன்றைக்கு நல்ல தெம்பாக இருந்தான்.

அப்புறம்தான் மன்றத் தலைவர் ஃபைனிப்போஸுக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஃபைனிப்போஸ் பெரிய மனிதர். தலையில் மிர்ட்டில் இலைக் கிரீடம் வைத்தால்தான் அவருக்கு யோசனை வரும். அதை வைத்துக்கொண்டு கேட்டார்: "குத்தவாளியோட பேரு என்ன?"

யாருக்கும் தெரியவில்லை. ஜீயஸ் கோயில் பூசாரியை அழைத்தார்கள்.

"எங்க ஆளு இல்லவே இல்லை" என்றார் அவர். "வானத்துக்கே ராஜா, ஒரு வண்ணக்காரன் மேல வந்து விழுவாரா? அவருக்கு வேற வேலை இல்லையா?"

பொசைடன் கோயில் பூசாரியை அழைத்தார்கள்.

"எங்க சாமி கடல் சாமி. அவர் தாடி நனைஞ்ச தாடி. இது காஞ்ச தாடி. குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"மெழுகு கொஞ்சம் கூடப் போட்டா நனைஞ்ச தாடி ஆயிடும்ங்க" என்றான் கிட்டோஸ், தன்னை மறந்து.

எல்லாரும் அவன் பக்கம் திரும்பினார்கள். ஃபைனிப்போஸ் கிரீடத்தைச் சரி செய்துகொண்டார். "யோவ், நீதானே பதினெட்டு வருஷமா இவரைத் தொட்டுத் தொட்டுப் பூசினவன். இவர் யாருன்னு சொல்லு."

"கை இருந்தாத்தான் ஐயா சொல்ல முடியும். கையில மின்னல் இருந்தா ஜீயஸ். திரிசூலம் இருந்தா பொசைடன். பாம்பு சுத்தின தடி இருந்தா வைத்தியச் சாமி. ஒயின் கோப்பை இருந்தா தியோனிசஸ். மூஞ்சி எல்லாருக்கும் ஒரே மூஞ்சிதான். ஒரே பட்டறையில செய்யறாங்க."

"கையில இருக்கறதை எடுத்துட்டா?"

"தாடி வச்ச பெரிய மனுஷர் ஐயா. உங்களை மாதிரி."

ஃபைனிப்போஸ் தன் தாடியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். கோபப்படுவதா சந்தோஷப்படுவதா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

அந்தச் சாயங்காலம் ஒரு மாலுமி சிறை ஜன்னல் வழியாகச் சாமியின் முட்டியைத் தொட்டுப் பல்வலி தீர்ந்தது என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. மறுநாள் சிறை முன்னால் ஊரே வரிசையில் நின்றது. காணிக்கைத் தேன், காணிக்கை அத்திப்பழம், காணிக்கைச் சேவல். மத்தியானத்துக்குள் இரண்டு பூசாரிகளும் மூச்சிரைக்க மன்றத்துக்கு ஓடி வந்தார்கள்.

"நேத்து இருட்டுல சரியா பாக்கலை. எங்க ஆளுதான். அந்த முட்டி ஜீயஸ் முட்டி!"

"யாருய்யா சொன்னது? தாடியைப் பாருய்யா, சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு!"

சிறைக் கூரை ஒழுகியிருந்தது, அதனால் அதுவும் உண்மைதான். ஃபைனிப்போஸ் நெடுநேரம் யோசித்து, குற்றவாளி ஒருவேளை ஜீயஸ், ஒருவேளை பொசைடன் என்று பதிவு செய்யச் சொன்னார். அதோடு இன்னொரு உத்தரவும் போட்டார். எங்கள் மன்றத்தில் குற்றவாளிகள் நடுவர்களின் மனம் இரங்குவதற்காகத் தங்கள் பெண்டு பிள்ளைகளை அழைத்துவந்து நிறுத்தலாம். அது வழக்கம். இந்தக் குற்றவாளிக்கு மட்டும் அந்த உரிமையை மறுத்தால் அநியாயம் இல்லையா?

"ரெண்டு குடும்பத்தையும் கொண்டாங்க" என்றார் ஃபைனிப்போஸ்.

மிக்கியோன் எழுத்தாணியை நிறுத்தினார். "ஐயா, ஜீயஸுக்குன்னா... முறையாப் பொறந்தவங்க மட்டுமா?"

"எல்லாரும்" என்றார் ஜீயஸ் பூசாரி, கொஞ்சம் பெருமையோடு.

வழக்கு நாளன்று பார்த்திருக்க வேண்டும்! பதினோரு வண்டி. ஜீயஸின் மனைவி ஹீரா அம்மனை முதலில் இறக்கினார்கள். வழியில் வண்டி குலுங்கியதில் அவள் திரும்பிப்போய் புருஷனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வந்தாள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். தலைக்கவசத்தோடு அதீனா, யாழோடு அப்பல்லோ, அவன் தங்கை இல்லை அக்காள் என்று இரண்டு நடுவர்கள் சண்டை போட்டுக்கொள்ள ஆர்ட்டெமிஸ், கதாயுதத்தைத் தூக்கிக்கொண்டு ஹெராக்கிளிஸ். சிலை இல்லாத பிள்ளைகளுக்கு வீட்டில் இருக்கும் பானை சட்டிகளைக் கொண்டுவரச் சொல்லித் தண்டோரா போட்டிருந்தார்கள். பெண்கள் குடமும் ஜாடியுமாக வந்து குவிந்துவிட்டார்கள்.

"என் எண்ணெய்க் குப்பியில பெர்சியூஸ் இருக்காரு, எங்க வைக்கணும்?"

"பெண் வழிப் பேரப்பிள்ளைங்க எல்லாம் பின்னால போங்கம்மா! இடம் இல்ல!"

"இதுல ஒரு அன்னம் இருக்கே, இது யாரு?"

"அது ஜீயஸேதான், ஒரு பொண்ணுக்காக அன்ன வேஷம் போட்டப்ப" என்றார் மிக்கியோன். "அவரு வரிசையில நிக்கக்கூடாது. கவுத்து வை."

யாரோ ஒருவன் ஒயின் குடிக்கும் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்திருந்தான். அதன் அடியில் ஜீயஸ் ஒரு பெண்ணைத் துரத்திக்கொண்டிருந்தார், உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல். நடுவர்கள் அதைக் கைமாற்றி மாற்றிப் பார்த்து ஆழ்ந்த சிந்தனையில் இருந்தார்கள். "குத்தவாளியோட நடத்தையைக் கெடுக்கறதுக்குன்னே கொண்டாந்திருக்கான்!" என்று ஜீயஸ் பூசாரி பாய்ந்து பிடுங்கினார். இந்தப் பக்கம் பொசைடனின் குதிரைகள், டால்பின்கள், ஒற்றைக்கண் மகன். சிலை போதவில்லை என்று மீனவர்கள் உயிரோடு ஒரு கணவாயைக் கூடையில் கொண்டுவந்து வைக்க, அது இறங்கிப்போய் அதீனாவின் காலைக் கட்டிக்கொண்டது. அந்தக் காட்சியில்தான் முதல் நடுவர் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தார்.

கிட்டோஸ் ஓர் ஓரமாக, கையைத் துணியில் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். அவனுக்குப் பக்கத்தில் சாட்சிப் பொருளாக அவன் ஏணி சாத்தியிருந்தது. வேலிக்கு வெளியே மிர்த்தாலே நின்றாள். அழுதுகொண்டிருந்த நடுவர்களையும் தன் புருஷனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் கல்தச்சன் தெர்மோன் சாட்சி சொன்னான். முரட்டு ஆள். சுற்றி வளைக்கத் தெரியாது.

"சாமி காலுக்கு அடியில ஈயம் இல்லைங்க. பீடத்துல ஓட்டை போட்டு, ஈயத்தைக் காய்ச்சி ஊத்தித்தான் சிலையை நிறுத்துவோம். போன மாசம் அந்த ஈயத்தைத் தோண்டி எடுத்துட்டாங்க. அதான் விழுந்திருக்கு."

"யார் எடுத்தாங்க?"

"மன்றத்து ஆளுங்க. நடுவர்கள் வாக்குப் போட வில்லை வார்க்கணும்னு உங்க உத்தரவைக் காட்டினாங்க."

இருநூற்றொரு நடுவர்களும் கையில் வைத்திருந்த ஈய வில்லையை மெல்ல மூடிக்கொண்டார்கள். ஃபைனிப்போஸ் எழுந்து நின்றார்.

"மெலாந்தியா மக்களே! இங்கே ஈயத்தின் மேல் வழக்கு இல்லை. ஈயம் அன்றைக்கு அந்த இடத்திலேயே இல்லை என்று சாட்சியே சொல்லிவிட்டார். இல்லாத ஒன்று எப்படி ஒருவனை அடிக்கும்? அந்த ஈயம் இன்று எங்கே இருக்கிறது? நீதியின் கையில் இருக்கிறது. ஒரு சாமியின் கால் நிற்பதற்கும் நீதி நிற்பதற்கும் இடையே இந்த மன்றம் நீதியைத் தேர்ந்தெடுத்தது. நாளைக்கே மறுபடி அப்படி ஒரு நிலை வந்தால் மறுபடியும் எடுப்போம்! வேறு சிலைகளும் இருக்கின்றன!"

பலத்த கைதட்டல். தெர்மோனின் சாட்சியம் வழக்குக்கு வெளியே போனதாகக் குறிப்பிலிருந்து அடிக்கப்பட்டது.

கிட்டோஸின் முறை. சட்டியில் தண்ணீர் ஊற்றி, அடியில் உள்ள ஓட்டையைத் திறந்தார்கள். தண்ணீர் தீரும்வரை பேசலாம்.

"ஐயா, யாரும் எதுவும் பண்ணலைங்க. சாமி விழுந்தாரு. கை ஒடைஞ்சுது. கூடிடும். எல்லாரும் வீட்டுக்குப் போகலாமுங்க..."

"ரத்தத்துக்கு யார் பதில் சொல்றது?" என்று ஒரு கிழ நடுவர் கத்தினார். மற்றவர்கள் ஆமோதித்துப் பெஞ்சைத் தட்டினார்கள்.

இப்போது குற்றவாளியின் முறை. எங்கள் சட்டப்படி குற்றவாளி தானேதான் பேச வேண்டும், ஆள் வைத்துப் பேசக்கூடாது. தண்ணீரை ஊற்றினார்கள். ஓட்டையைத் திறந்தார்கள். சாமி இரண்டு கையும் இல்லாமல், ஒரு கண்ணில் இமை வரைந்தும் ஒரு கண்ணில் வரையாமலும், நடுவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் சொட்டியது. ஒருவர் இருமினார். ஒருவர் தலைகுனிந்தார். பாதிச் சட்டி ஆனபோது முன்வரிசையில் இருந்த செருப்புத் தைப்பவர் "என்ன கம்பீரம்யா" என்று முணுமுணுத்தார். முக்கால் சட்டி ஆனபோது அழுகை பரவியது. கடைசிச் சொட்டு விழுந்ததும் மன்றமே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது.

"முப்பது வருஷமாக இந்த நாற்காலியில் இருக்கிறேன்" என்றார் ஃபைனிப்போஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இப்படி ஒரு வாதத்தை நான் கேட்டதில்லை. ஒரு பொய் உண்டா? ஒரு மிகை உண்டா? யாரையாவது ஒரு வார்த்தை புண்படுத்தினாரா?"

சாமி விடுதலை என்பது தெரிந்துபோயிற்று. நடுவர்கள் ஒவ்வொருவராகக் கிட்டோஸைத் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் தீட்டுப்படாமல் இருக்க ஆடையைச் சுருட்டிக்கொண்டார்கள். வேலிக்கு வெளியே மிர்த்தாலே இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவன் கண்ணில் பட்டது. காலைப் படகு.

"வழக்காளி கடைசியாக ஏதாவது சொல்றானா?" என்று கேட்டார் ஃபைனிப்போஸ்.

கிட்டோஸ் வாயைத் திறந்தான். என்ன சொல்லப்போகிறோம் என்று அவனுக்கே தெரியாது.

"ஏணி" என்றான். "ஏணிதான் ஐயா. ஏணி நழுவிப்போய்ச் சாமி மேல மோதிச்சு. அதான் சாமி..."

பச்சைப் பொய். சைப்ரஸ் மரத்தில் அவனே இழைத்துச் செய்த ஏணி அது. பதினெட்டு வருஷத்தில் ஒருநாள் நழுவியதில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையில் மன்றத்துக்கே மூச்சு வந்தது. கல்லும் அடிக்கவில்லை, சாமியும் அடிக்கவில்லை. பூசாரிகள் இரண்டு பேரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். ஃபைனிப்போஸ் முகம் மலர்ந்து, ஏணியைக் கூண்டில் நிறுத்தச் சொன்னார்.

சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். ஏணிக்கும் அழைப்பாணை படித்தார்கள். காது எது என்று தெரியாததால் ஒவ்வொரு படியிலும் படித்தார்கள். உறவினர் யாராவது உண்டா என்று கேட்டார்கள். கிட்டோஸ் தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் அதே சட்டி, அதே தண்ணீர். ஏணி நின்றது. தண்ணீர் சொட்டியது.

"பாரேன் திமிரை" என்றார் செருப்புத் தைப்பவர்.

"வாயைத் தொறக்குதா பாரு!"

"மடியில கனம். எப்படிப் பேசும்?"

கால்வாசிச் சட்டி தீர்வதற்குள் ஃபைனிப்போஸ் ஓட்டையை விரலால் அடைத்தார். "போதும். இந்த மௌனத்துக்கு மேல் ஒரு வாக்குமூலம் வேண்டுமா?" என்றார். நூற்றுத் தொண்ணூற்றெட்டு வாக்கு எதிராக, மூன்று ஆதரவாக. அந்த மூன்று பேரும் தூங்கிக்கொண்டிருந்தபோது வில்லை கைநழுவித் தப்பான பானையில் விழுந்துவிட்டதாகப் பின்னர் விளக்கம் கொடுத்தார்கள்.

ஏணியை மேட்டிலிருந்து கடலில் எறிந்தார்கள். கிட்டோஸ் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து ஆலிவ் பழத்தையும் ரொட்டியையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நம்ம பொழைச்சோம்ல, சாப்பிடுங்க" என்றாள் மிர்த்தாலே.

"அது ஒரு தப்பும் பண்ணலைடி. சாமி விழறப்பகூட அது குறுக்க நின்னுதான் என் தலைக்கு வர இருந்தது கையோட போச்சு."

மிர்த்தாலே ரொட்டியைப் பிய்த்து அவன் வாயில் வைத்தாள்.

விடுதலையான சாமியை மேளதாளத்தோடு பீடத்தில் ஏற்றினார்கள். ஈயம் எங்கே என்று தெர்மோன் கேட்டான். நீதியை உருக்க முடியாது என்று பதில் வந்தது. அத்திமர ஆப்பு ஒன்றைக் காலடியில் சொருகினார்கள். கிட்டோஸுக்கு உத்தரவு வந்தது: நான்கு நாளில் திருவிழா, அதற்குள் இடது கண் முடிந்தாக வேண்டும். ஒரு கண் இல்லாத சாமியை ஊருக்குக் காட்டினால் தெய்வ நிந்தனை.

"ஏணி இல்லாம எப்படி ஐயா ஏறுறது?"

"ஊர்ல வேற ஏணியே இல்லையா?" என்றார் மிக்கியோன்.

இல்லை. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு ஏணிகள் என்றாலே ஊருக்குச் சந்தேகம். ஏணி வைத்திருப்பவர்கள் அதற்கு நன்னடத்தைச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று மன்றம் அறிவித்திருந்தது. மனுக்களை அடுத்த மாதம்தான் எடுப்பார்கள். ஆலிவ் தோட்டக்காரர்கள் தங்கள் ஏணிகளை வைக்கோலுக்கு அடியில் ஒளித்துவிட்டார்கள். கிட்டோஸ் வீடு வீடாகக் கேட்டான். "ஏணியா? அப்படின்னா?" என்றார்கள். பீப்பாய் மேல் பீப்பாய் அடுக்கிப் பார்த்தான். சாமியின் தொப்புள்வரைக்கும்தான் எட்டியது.

திருவிழாவுக்கு முந்தின நாள் விடிந்தபோது கடற்கரையில் சலசலப்பு. கிட்டோஸும் மிர்த்தாலேயும் போய்ப் பார்த்தார்கள். பாசி படர்ந்து, ஒரு சங்கு ஒட்டிக்கொண்டு, ஏணி கரை ஒதுங்கிக் கிடந்தது. மரம்தானே, மிதக்காமல் என்ன செய்யும்? கல்லையும் கோடாலியையுமே கடத்திப் பழகிய மன்றத்துக்கு இது தோன்றவில்லை.

நாடு கடத்தப்பட்டவன் திரும்பி வந்தால் மரணம். அவனைப் பார்த்தவன் உடனே தகவல் தர வேண்டும். அடைக்கலம் கொடுத்தவனுக்குப் படகு. எல்லாருக்கும் சட்டம் தெரியும். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த நாற்பது பேரும் ஏணியைப் பார்த்தார்கள், கிட்டோஸைப் பார்த்தார்கள், அவன் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார்கள். பிறகு மீன்காரி ஒருத்தி மலைப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டாள்.

"அடியே, இன்னிக்கு மலை எவ்வளவு அழகா இருக்கு பாரேன்!"

"ஆமாக்கா, இப்படி ஒரு மலையை நான் பாத்ததே இல்லை" என்று அடுத்தவளும் திரும்பினாள். வரிசையாக நாற்பது முதுகு.

"தூக்குங்க" என்றாள் மிர்த்தாலே.

கிட்டோஸ் குனிந்து ஏணியின் மேல்படியைத் தொட்டான். "மன்னிச்சுக்கப்பா" என்றான்.

"பேசாப்பொருள்கிட்ட அப்புறம் பேசிக்கலாம். ஒரு முனையை நான் பிடிக்கறேன், நடங்க."

கடைத்தெரு வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. வெங்காயக்காரர்கள் வானத்தைப் பார்த்தார்கள். ரொட்டிக்காரர் அடுப்புக்குள் தலையை விட்டுக்கொண்டார். சிறைக் காவலன் எதிரே வந்துவிட்டான். ஒரு கணம் திகைத்து நின்று, கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். கிட்டோஸ் ஏணியைச் சாமியின் தோளில் சாத்தினான். மெழுகுச்சட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒற்றைக் கையில் தூரிகையையும் படியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஈரப் பாசியில் கால் வழுக்க வழுக்க ஏறினான். உச்சிக்குப் போய்க் கண்ணுக்கு நேரே நின்றபோதுதான் கீழே ஃபைனிப்போஸின் கிரீடம் தெரிந்தது. பக்கத்தில், மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மிக்கியோன்.

தலைவர் சாமியைப் பார்த்தார். மேலே கிட்டோஸைப் பார்த்தார். தன் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி இருந்த ஏணியை நெடுநேரம் பார்த்தார். அந்தப் பக்கம் மிர்த்தாலே கண்ணை மூடிக்கொண்டாள்.

"யோவ் கிட்டோஸ்" என்றார் ஃபைனிப்போஸ். "எப்படிய்யா அவ்வளவு உயரத்துக்குப் போனே?"

"சாமி தூக்கி விட்டாருங்க ஐயா."

ஃபைனிப்போஸ் தலையாட்டினார். நாளைக்குத் திருவிழா. பக்கத்துத் தீவிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள். சாமிக்கு இரண்டு கண் வேண்டும். மன்றம் நாடு கடத்திய ஏணி சில நாளிலேயே திரும்பி வந்துவிட்டது என்று அவர்கள் காதுக்குப் போகக்கூடாது.

"எழுதிக்கய்யா மிக்கியோன். அற்புதம். வண்ணக்காரன் அந்தரத்துல நிக்கறான்."

மிக்கியோன் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஏணியின் கால் பாசியில் வழுக்கியது. ஏணி சாமியின் தோளில் இடித்தது. அத்திமர ஆப்பு கீச்சென்றது. இரண்டு ஆள் உயரப் பளிங்கு மெதுவாக, யோசித்து யோசித்து, ஃபைனிப்போஸ் நின்ற பக்கமாக ஆடியது.

தலைவர் பாய்ந்தார். அந்த உடம்பு அவ்வளவு வேகமாகப் பாயும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. ஒரு கையால் ஏணியைக் கட்டிக்கொண்டு, இன்னொரு கையால் சாமியின் காலைக் கட்டிக்கொண்டு, கன்னத்தைப் பளிங்கில் அழுத்திக்கொண்டு நின்றார். கிரீடம் தரையில் உருண்டது.

"ஐயா" என்றார் மிக்கியோன், எழுத்தாணியைத் தூக்கிக்கொண்டு. "நீங்க கையில பிடிச்சிருக்கறதை என்னன்னு எழுதறது?"

"ஒண்ணும் எழுதாதே! ஓடியாந்து அந்தக் காலைப் பிடி!"

மிக்கியோன் மெத்தையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து பிடித்தார். கிட்டோஸ் மேலேயிருந்து இருவரையும் ஒருமுறை பார்த்தான். தூரிகையை மெழுகில் தோய்த்து, அதிகமானதைச் சட்டி விளிம்பில் மெல்ல வழித்துவிட்டு, முதல் இமைமயிரை வரைந்தான். ஒரு கண்ணுக்கு இமை வரைவது அவனுக்கு அரைநாழிகை வேலை. அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம்வரை வரைந்தான்.